பொங்கல் வரைக்கும் பார்த்த படங்கள்

படத்தில் பால் பொங்கியது. பித்தளைப் பானையின் விளிம்புக்கு நுரை வந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு வழிந்தது. பொலிஸ்காரக் கதாநாயகன் சீருடையைக் கழற்றிவிட்டுப் பட்டு வேட்டியோடு நின்றான். அவனுடைய தங்கை கரும்பைக் கடித்துக்கொண்டு ஓடித் திரிந்தாள். தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள்.

என் பக்கத்தில் பாயில் இருந்த அம்மா எழும்பினார்.

"வா பிள்ளை, போவம்."

"படம் முடியேல்லை அம்மா."

"இனி ஆரோ சாகப்போகினம். அதை ஏன் நாங்கள் பார்ப்பான்?"

அது ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. பின்னேரம். ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கைச் சனம் முழுக்க அந்த வீட்டு மண்டபத்தில் நெருங்கியடித்துக்கொண்டு இருந்தது. மண்ணெண்ணெய்ப் புகையும் வியர்வையும் சேர்ந்த மணம். எனக்குப் பன்னிரண்டு வயது. என் தங்கை ரமணிக்கு எட்டு. இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு, மற்றவர்களின் கால்களை மிதித்து மிதித்து அம்மா வெளியே வந்தார். பின்னால் யாரோ, "தலையைக் குனியுங்கோ, மறைக்குது" என்றார்கள்.

அந்தப் படத்தின் மிச்சத்தை நான் பார்க்கப் பதினைந்து வருடம் ஆனது.

பெயர் போடாததற்குக் காரணம்

பத்திரிகையில் இந்தத் தொடருக்குப் போன கிழமை எழுதிய அத்தியாயத்துக்கு வாசகர் ஒருவர் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். நான் ஒரு படத்தின் பெயரைப் பிழையாகப் போட்டுவிட்டேனாம். நன்றி. இந்தக் கிழமை ஒரு படத்துக்கும் பெயர் போடப்போவதில்லை. போட விரும்பினாலும் முடியாது. படத்தின் பெயர் திரையில் வரும் நேரம் நாங்கள் பாய் விரிக்க இடம் தேடிக்கொண்டிருப்போம். முடிவில் மறுபடி பெயர் போடும்போது வீட்டில் கை கால் கழுவிக்கொண்டிருப்போம்.

நான் சொல்லவந்தது பண்டிகைப் படங்களைப் பற்றி அல்ல. பண்டிகைக்கென்றே எடுத்த படங்களில் எனக்கு ஆர்வம் இல்லை. கள்ளனைப் பிடிக்கும் படத்திலும் காணிச் சண்டைப் படத்திலும் நடுவில் ஒரு பண்டிகை வரும். நாலு நிமிடம். அதற்கும் கதைக்கும் பெரிய தொடர்பு இருக்காது. அந்த நாலு நிமிடங்களைத்தான் நான் சொல்கிறேன். என் சிறுவயதுப் பண்டிகைகளில் பாதி அங்கேதான் நடந்தன.

தமிழ்ப்படம் பார்க்கிற எவருக்கும் இது தெரியும். முதல் அரை மணித்தியாலத்துக்குள் ஒரு குடும்பம் ஒற்றுமையாகப் பொங்கினால், இடைவேளைக்கு முன் அதில் ஒருவர் போய்விடுவார். அப்பா நடிக்கிறவர் அதிகம் சிரித்தால் அவர். தங்கை அதிகம் சிரித்தால் தங்கை. எல்லோருக்கும் இது தெரிந்திருந்தாலும் எல்லோரும் இருந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்க மறுத்தார். பொங்கல் வந்ததும் எழும்பிவிடுவார். தீபாவளிக்கும் அதே சட்டம். ஆகவே எனக்குத் தெரிந்த படங்களில் கொலை இல்லை, பழிவாங்கல் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. கலியாணம் பேசுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், பொங்குவார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சண்டைக் காட்சி பற்றிக் கதைக்கும்போது நான் பானை பற்றிச் சொல்வேன். என்னை ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

புது அரிசி

அம்மா ஏன் அப்படி எழும்பினார் என்பதைச் சொல்லவேண்டும்.

அப்பா துறைமுகத்தில் கிறேன் ஓட்டுபவர். அதிகம் கதைக்காத மனிதர். கதைத்தால் பகிடியாகத்தான் வரும். எனக்குப் பதினொரு வயதாயிருந்த ஒரு மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு மூன்று நாள் இருக்க, திரியாய் என்ற ஊருக்குப் போனார். அங்கே அவருடைய தமக்கை வீட்டு வயலில் ஒரு துண்டு முந்தி விளைந்திருந்தது. புது அரிசியில்தான் பொங்கவேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம்.

"கடையில அரிசி இல்லாமலா இருக்கு? சண்டைக்குள்ள றோட்டு நிலைமை தெரியும்தானே," என்று அம்மா தடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் வந்திடுவன். நீர் பயறை வறுத்து வையும்," என்றார் அப்பா.

வழியில் குச்சவெளி வரை அவர் பஸ்ஸில் இருந்ததைக் கண்டவர்கள் உண்டு. அதற்கப்பால் கண்டவர்கள் இல்லை. மாமி வீட்டுக்கு அவர் போய்ச் சேரவில்லை.

அம்மா பயறை வறுத்து வைத்திருந்தார். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. பொங்கலன்று விடியற்காலை ஒழுங்கைப் பெண்கள் எங்கள் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. செத்தவீடு நடந்தால் ஒரு வருடத்துக்கு அந்த வீட்டில் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, சித்திரை வருசம் இல்லை. அயலார் பொங்கி, அந்த வீட்டுக்கும் கொஞ்சம் புக்கை கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்று அவர்கள் அறிய வந்தது அதைத்தான். இந்த வீட்டில் பொங்குவார்களா, அல்லது நாங்கள் கொண்டுவந்து கொடுக்கவேண்டுமா?

அம்மா மூன்று கல்லை எடுத்துவைத்து அடுப்பு மூட்டினார். கடை அரிசியைக் கழுவினார்.

"பொங்காட்டி அவர் இல்லை எண்டு அர்த்தம்," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "வந்து, ஏன் பொங்கேல்லை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

அதற்குப் பிறகு ஒரு வருடம்கூடத் தவறவில்லை. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தபோதும், பால்மாப் பேணியில், பிள்ளைகள் படிக்கும் மேசைக் காலை விறகாக்கிப் பொங்கினார். காய்ச்சலோடு பொங்கினார். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு பொங்கினார். புக்கை ருசியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. பொங்கி முடியும் வரை அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

வெடி

இந்தியப் படங்களில் கத்துவதுபோல எங்கள் ஊரில் கத்துவதில்லை. பால் பொங்கினால் வெடி கொளுத்துவோம். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் வெடிக்குத் தடை. ஆகவே எங்கள் பொங்கல் சத்தமில்லாமல் வழிந்து சத்தமில்லாமல் முடிந்தது. ரமணிதான் படத்தில் படித்ததை வைத்து ஒருமுறை முற்றத்தில் நின்று "பொங்கலோ பொங்கல்" என்று உரக்கக் கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு ஒரு பொங்கலன்று அம்மா சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

வெடியைப் பற்றிச் சொன்னதும் இன்னொரு காட்சி வருகிறது. அது ஒரு வழக்கறிஞர் படம். டவுன் தியேட்டரில் மத்தியானக் காட்சிக்குப் போயிருந்தோம். வழக்கறிஞர் தீபாவளியன்று தனியாக அலுவலகத்தில் இருந்து கோப்புப் பார்க்கிறார். வீட்டுக்குப் போக அவருக்கு ஆள் இல்லை. திடீரென்று வெளியில் சரவெடி. திரையில் அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இங்கே தியேட்டர் முழுக்க ஒரே நேரத்தில் குனிந்தது. சிலர் கதிரைக்குக் கீழேயே போய்விட்டார்கள்.

"படத்திலதான், படத்திலதான். எழும்புங்கோ," என்று முன்வரிசையில் ஒரு கிழவர் சொன்னார்.

சனம் சிரித்தது. நன்றாகச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது அம்மா குனியவே இல்லை என்பதைக் கண்டேன். திரையில் வழக்கறிஞர் தனியாக மேசையடியில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், ஒருத்தரும் சாப்பாடு குடுக்கேல்லை," என்றார். பிறகு வழக்கம்போல எழும்பினார்.

விளங்காத மொழியில் ஒரு படம்

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்களப் படம் ஒன்று போனது. வேலியை நகர்த்தி வழக்காடும் இரண்டு குடும்பங்களின் கதை. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, எனக்குக் கொஞ்சம் தெரியும். வெங்காயம் உரித்துக்கொண்டு, படம் ஓடட்டும் என்று விட்டிருந்தார். நடுவில் சித்திரைப் புதுவருடம் வந்தது. ஒரு பெண் நல்ல நேரம் பார்த்து அடுப்பு மூட்டுகிறாள். புதுச் சட்டியில் பால் பொங்குகிறது. அவளுடைய கணவன் படகில் போய்ப் பல மாதம். பாற்சோறு வெட்டி, பிள்ளைகளுக்கு வைத்து, மாமிக்கு வைத்து, பிறகு இன்னொரு பீங்கானில் ஒரு துண்டை வைத்து மேசையின் தலைப்பக்கம் தள்ளிவிட்டு நின்றாள்.

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்லுறாள்?"

"ஒண்டும் சொல்லேல்லை அம்மா. சும்மா நிக்கிறாள்."

"அதுதான் நானும் நினைச்சனான்."

வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "அவள் செய்யிறது சரி," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அந்தப் பெண்ணின் கணவன் திரும்பி வந்தானா என்று நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நானும் எழும்பிவிட்டேன்.

நான் சொன்ன வார்த்தை

வேலை கிடைத்து, கையில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கியதும், நான் செய்த முதல் வேலை அந்தப் படங்களின் மிச்சப் பாதிகளைத் தேடியதுதான். சீடீக் கடைக்காரரிடம், "ஒரு பொலிஸ்காரன், தங்கச்சி கரும்பு கடிக்கிறாள்" என்று அடையாளம் சொல்லி வாங்கிவந்து, சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் அம்மா சொன்னது சரி. செத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த முதல் படத்தில், எங்களைப் பாதியில் எழுப்பிக்கொண்டு வந்த அதே படத்தில், ஒருவரும் சாகவில்லை. தங்கையைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். தமையன் போய் மீட்டு வருகிறான். கடைசியில் மறுபடி பொங்கல்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"உனக்கு வேற கொப்பி தந்திருப்பான்," என்றார்.

அந்த நாட்களில் எனக்கு அம்மாவின் மேல் கோபம். வெளிப்படையாகச் சொன்னால், அப்பாவின் மேலும் கோபம். ரமணியின் கலியாண அழைப்பிதழில் அப்பாவின் பெயருக்கு முன் 'அமரர்' போடவிடவில்லை அம்மா. மாப்பிள்ளை வீட்டார், "அப்ப தகப்பன் எங்கே?" என்று கேட்டார்கள். கலியாணத்தோடு ரமணி கனடாவுக்குப் போய்விட்டாள். நான் அம்மாவோடு இருந்துவிட்டேன். எத்தனையோ அலுவல்களுக்கு அப்பாவின் மரணச் சான்றிதழ் தேவைப்பட்டது. மற்றவர்களின் படிவங்களை நிரப்பிக்கொடுப்பதுதான் எனக்கு வேலை. எங்கள் வீட்டுப் படிவம் மட்டும் அலுமாரிக்குள் வெறுமையாகக் கிடந்தது.

ஒரு பொங்கலன்று காலை, அம்மா அடுப்பை ஊதிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"அப்பா செத்துப்போனார். அது உங்களுக்கும் தெரியும். இந்தக் கூத்து ஆருக்கு?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"பால் பொங்கப்போகுது. தள்ளி நில் பிள்ளை, சேலையில படும்."

எனக்குத்தான் முதல் அகப்பை புக்கை போட்டுத் தந்தார். அந்த வார்த்தைக்காக நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கடைசி வரை பார்த்த படம்

இந்த வருடப் பொங்கலுக்கு முதல்நாள். பின்னேரம் நாலு மணி இருக்கும். தொலைக்காட்சியில் ஒரு படம் போனது. இளம் பொடியன் ஒருவன் கொம்பியூட்டரில் கள்ளத்தனம் செய்து பணக்காரனாகிற கதை. நான் சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கதிரையில் இருந்தார். இப்போது அவரால் நிலத்தில் இருக்க ஏலாது.

பொடியன் பொலிஸுக்கு ஒளித்துத் தன் ஊருக்குப் போகிறான். அங்கே அவனுடைய தாத்தாவும் பாட்டியும் பொங்குகிறார்கள். வயதுபோன மனிதர், பல் இல்லை. மனைவி அடுப்பை ஊதுகிறாள். அவர் ஊதுகுழலைப் பிடுங்கி, "நீ ஊதினால் சித்திரைக்குத்தான் பொங்கும்" என்று பகிடி பண்ணுகிறார். அவள் அவருடைய கையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். பொங்குகிறது. சாப்பிடுகிறார்கள். கிழவருக்குத் தாடையில் ஒட்டிக்கொண்டதை அவள் துடைத்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

அம்மா எழும்பவில்லை. எழும்ப ஏலாமல் இருக்கிறாரோ என்று நினைத்து, "நிப்பாட்டவோ அம்மா?" என்று கேட்டேன்.

"விடு. பாப்பம்."

பொடியன் பிடிபட்டு, விடுபட்டு, காதலியைச் சேர்ந்து, படம் முடிந்தது. அந்தக் கிழவர் சாகவில்லை. அவரை மறுபடி காட்டவும் இல்லை. விளம்பரம் வந்த பிறகும் அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"எண்பது சொல்லலாம்."

"உங்கட அப்பாவுக்கு இப்ப எண்பது தாண்டியிருக்கும்."

"ஓம் அம்மா."

"நான் ஒரு நாளும் அப்பிடி நினைச்சுப் பார்க்கேல்லைப் பிள்ளை. ஒவ்வொரு வருசமும் படலையைப் பார்க்கேக்க, போன மாதிரியே வருவார் எண்டுதான் பார்த்தனான். கறுத்தத் தலைமயிரோட, தோளில அரிசிப் பையோட." அம்மா நிறுத்தினார். "இப்ப அந்த மனிசனைப் பார்த்திட்டு, அவரையும் அப்பிடிக் கிழவனாக்கிப் பார்ப்பம் எண்டு பார்த்தன். எனக்கு ஏலாமல் கிடக்கு. முகம் வருகுதில்லை. அவர் கிழவனாகேல்லை."

நான் பயற்றுச் சுளகைக் கீழே வைத்தேன்.

"நாளைக்குப் பொங்கவேண்டாம்," என்றார் அம்மா.

இந்த ஒரு வசனத்துக்காக நான் எத்தனை வருடம் சண்டை பிடித்திருக்கிறேன். அது வந்தபோது எனக்குத் தாங்கமுடியவில்லை. எழும்பிப்போய் அவருடைய காலடியில் இருந்தேன்.

"நான் பொங்கிறன் அம்மா. நீங்கள் சும்மா இருங்கோ. எல்லாம் வாங்கியாச்சு. நான் பொங்கிறன்."

"ஆருக்குப் பொங்கப்போறாய்?"

சின்னப்பிள்ளைபோல அழுதேன். அப்பா போன அந்தக் கிழமைகூட நான் அப்படி அழவில்லை. அழுதால் செத்தவருக்கு அழுததாகிவிடும் என்று அப்போது அம்மா விடவில்லை. இப்போது என் தலையைத் தடவிக்கொண்டு, "அழு, அழு" என்றார்.

முற்றம்

விடிந்தது. ஒழுங்கை முழுக்க வெடி. இப்போது தடை இல்லை, வேண்டிய மட்டும் கொளுத்துகிறார்கள். எங்கள் முற்றத்தில் கோலம் இல்லை, அடுப்பு இல்லை. அம்மா குளித்து, வெள்ளைச் சேலை ஒன்று உடுத்து, விறாந்தையில் கதிரையைப் போடச் சொல்லி அதில் இருந்தார்.

எட்டு மணிபோல, பக்கத்து வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு முன் குடிவந்த சுகந்தி ஒரு பாத்திரத்தில் புக்கையோடு வந்தாள். குச்சவெளிப் பக்கத்துப் பிள்ளை. புதுச் சேலை, தலையில் பூ. படலையைத் திறந்தவள் வெறும் முற்றத்தைப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா, இன்னும் பொங்கேல்லையோ?"

அம்மாதான் சொன்னார்.

"எங்களுக்கு இந்த வருசம் பொங்கல் இல்லைப் பிள்ளை. எங்கட வீட்டுக்காரர் மோசம் போயிட்டார்."

"ஐயோ அம்மா, எனக்குத் தெரியாதே. எப்ப?"

"நேற்று."

சுகந்தி என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் ஓர் ஆண் இருந்து அவள் கண்டதில்லை. ஏதாவது கேட்கப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை. பாத்திரத்தை மதிலில் வைத்தாள். தலையில் இருந்த பூவைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு வந்து அம்மாவின் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவள் யாரிடம் சொன்னாளோ, அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது. பொங்கிக்கொண்டிருந்தவர்கள் பொங்கி முடித்து, புது உடுப்பை மாற்றிவிட்டு, ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள் வந்தார்கள். அவர் போன பிறகு பிறந்தவர்களும் வந்தார்கள். ஒருவரும் பகிடியாகவோ புதினமாகவோ பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தார்கள், அப்பா என்ன மாதிரி ஆள் என்று கேட்டார்கள். அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டுக்கு யாரும் துக்கம் விசாரிக்க வந்ததில்லை. வர நாங்கள் விட்டதில்லை. அன்று மத்தியானம் இருந்த கதிரைகள் போதாமல், நான் பக்கத்து வீடுகளில் கேட்டுக் கொண்டுவந்து போட்டேன்.